பரணில் ஏறினவள்

ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி வந்தவர்களிடம் கேட்க நம் ஊர்க்காரர்களுக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு. சிங்கம் பார்த்தீர்களா? போளூரில் என் தம்பி ஜெபதுரை வீட்டுக்கு எங்களைப் பார்க்க வந்த அத்தனை பேரும் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் இதைக் கேட்டுவிட்டார்கள். இல்லை, பறவையும் குரங்கும்தான் பார்த்தோம் என்று நான் சொன்னால் அவர்கள் முகம் சப்பென்று போய்விடும். தம்பி பெண்டாட்டி ஜெயசெல்வி ஒரு படி மேலே போய், குரங்கு பார்க்கவா பிளேன் ஏறிப் போனீர்கள், போளூர் ஸ்டேஷனில் இல்லாத குரங்கா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சிரித்தும் கொண்டாள்.

உண்மைதான், நாங்கள் சிங்கம் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் ஜாம்பியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். நான் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வருஷம் லுவாங்குவா ஆற்றோரக் காட்டுக்கு ஒரு சுற்றுலா போனோம். ஜீப்பில் எங்களோடு வந்தவர்கள் எல்லாரும் சிங்கத்துக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஆற்றின் மண்கரையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். கரை முழுக்கப் பொந்து. பொந்துக்குப் பொந்து பஞ்சுருட்டான் குருவிகள். நம் ஊர்ப் பச்சை இல்லை, நல்ல சிவப்பு. கூட வந்தவர்களுக்குப் பொறுமை இல்லை. துப்பாக்கி வைத்திருந்த காவலர் ஒருவரை எங்களுக்குத் துணையாக விட்டுவிட்டுச் சிங்கம் தேடிப் போனார்கள், பார்த்தும் விட்டார்கள். நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து அந்தச் சிவப்புக் குருவிகளையும், கருத்த முகமும் சாம்பல் உடம்புமான ஒரு குரங்குக் கூட்டத்தையும் வெயில் தாழும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அதைவிட நல்ல நாள் ஒன்று என் ஆயுளில் இல்லை.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பைனாகுலர். லுசாகாவில் ஒரு குஜராத்திக்காரர் கடையில் வாங்கியது. கண்ணில் வைத்தால் இவர் கொடுக்கவே மாட்டார். நான் பிடுங்குவேன். நான் பார்த்து முடித்ததும், அவர் எப்போதும் என் இடதுபக்கம்தான் உட்காருவார் என்பதால், திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது கையை நீட்டி "இந்தாங்க" என்பேன். கை காலியாகத் திரும்பும். ஜாம்பியாவில் எங்களுக்குள் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி அந்தப் பைனாகுலருக்காக நடந்ததுதான். குழந்தை குட்டி இல்லாத வீட்டில் சண்டை போடவும் ஏதாவது வேண்டுமே.

"இந்தாங்க" என்பதுதான் நான் அவரைக் கூப்பிடுகிற பெயர். அவருடைய சொந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. வேதக்காரர்களாக இருந்தால் என்ன, எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் மற்ற நர்சுகள் அதற்காகக் கேலி செய்வார்கள். மற்றவர்கள் அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால், போய்ப் பதில் சொல்வது மட்டும் என் வேலை. பள்ளிக்கூட நேரம் போக மீதி நேரமெல்லாம் இவர் எந்தப் புதருக்குப் பின்னால் எந்தக் குருவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரோ தெரியாது. வாசலில் குரல் கேட்டதும் அடுப்பை விட்டுவிட்டுப் போய் அவர் வீட்டில் இல்லை என்று சொல்வேன். ஊருக்கு வந்த பிறகும் அப்படித்தான். சில நாள் உள்ளேயே படுத்திருப்பார், எனக்குச் சைகை காட்டுவார், அப்போதும் அதையேதான் சொல்வேன்.

போளூருக்கு வந்த மறுவருஷம் மார்வலி என்றார். வேலூருக்குக் கொண்டுபோகிற வழியிலேயே, கணியம்பாடி தாண்டுவதற்குள் போய்விட்டார்.

அதற்கப்புறம் தம்பி வீட்டுப் பின்கட்டு அறையில் கொஞ்சகாலம் இருந்தேன். நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள். நேரத்துக்குச் சாப்பாடு வரும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது கூப்பிடுவார்கள். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் ஜெயசெல்விக்கு அடுப்பில் ஏதாவது தீய்ந்துவிடும். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். ஜவ்வாது மலையில் ஒரு சின்ன மருந்தகத்துக்கு நர்ஸ் தேவை, மலையில் தங்க யாரும் சம்மதிக்கவில்லை என்று கோயிலில் சொன்னார்கள். நான் சம்மதித்தேன். எண்பத்திரண்டாம் வருஷம் அது. ஒரு டிரங்குப் பெட்டியும் கழுத்தில் பைனாகுலருமாக மலைபஸ்ஸில் ஏறினேன்.

மருந்தகம் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் இருந்தது. அதை ஒட்டியே எனக்கு ஓர் அறையும் சமையலறையும். காலையில் ஜனங்கள் வருவார்கள். காய்ச்சல், சிரங்கு, அரிவாள் வெட்டு. மருந்து வாங்கியதும் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உட்காருங்கள் என்றால் உட்கார மாட்டார்கள். மரியாதை ஜாஸ்தி. மரியாதையைப் போல ஆளைத் தனியாக உட்கார வைக்கிற வியாதி வேறு இல்லை. மத்தியானத்துக்குமேல் யாரும் வருவதில்லை. நான் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பனங்காடை பார்ப்பேன், மைனா பார்ப்பேன், மரங்கொத்தி பார்ப்பேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கண்ணில் வைத்துக்கொள்ளலாம், பிடுங்க ஆளில்லை. அப்படிப் பார்ப்பதில் ருசியும் இல்லை. ஒரு பறவை நன்றாக உட்கார்ந்து நன்றாகக் காட்சி கொடுத்தால், அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வரும். அதைப் பார்த்தாயா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கார்த்திகை மாசம், மழை விட்ட ஒரு மத்தியானம், மங்கம்மாளின் கேழ்வரகுக் கொல்லைப் பக்கம் போனேன். மங்கம்மாளை எனக்குத் தெரியும், தலைவலி மாத்திரைக்காக வருவாள். அவள் புருஷன் கோபால்சாமி குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். ஒரே மகளை மலையின் அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டாள். கொல்லை காட்டின் ஓரத்தில் இருந்தது. கதிர் முற்றத் தொடங்கியிருந்தது. நடுவில் நாலு கம்பம் நட்டு, மேலே ஓலை போட்ட காவல் பரண். ஏணி சாத்தியிருந்தது, ஆளைக் காணோம். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் காட்டின் மரத்தலைகள் நேர்மட்டத்தில் தெரியும் என்று தோன்றியது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன்.

ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் குரங்குகள் வந்தன. நம் நாட்டுக் குரங்குதான், நடுவகிடு எடுத்துச் சீவினதுபோல் தலைமயிர் இருக்குமே, அது. பெரிய கூட்டம். முதலில் மரத்தில் இருந்தபடியே பரணைப் பார்த்தன. நான் அசையவில்லை. சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்க எனக்கு நல்ல பழக்கம் உண்டு. பிறகு ஒவ்வொன்றாக இறங்கின. ஒரு தாய்க்குரங்கு வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு எனக்கு எதிரிலேயே வந்து உட்கார்ந்தது. கதிரை ஒடித்து உள்ளங்கையில் தேய்த்து வாயில் அடைத்துக்கொண்டது. கன்னப்பை வீங்கிற்று. குட்டி அம்மாவின் வாயிலிருந்து சிந்திய ஒரு மணியைப் பொறுக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, மூக்கில் வைத்துக்கொண்டது. நான் சிரித்துவிட்டேன். அவர் போனதற்கப்புறம் அவரை மறந்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டி "இந்தாங்க, பாருங்க" என்றும் சொல்லிவிட்டேன். பைனாகுலர் கையிலேயே இருந்தது.

குரங்கு கேழ்வரகைத் தின்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கொல்லைக்காரி பக்கத்தில்தான் எங்கேயாவது இருப்பாள், வந்து விரட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் வராமல் இருந்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவள் வரவில்லை. வெயில் சாயும்வரை வரவில்லை. குரங்குகள் காட்டோரத்திலிருந்து பரண் வரைக்கும் ஒரு பக்கத்தை மொட்டையடித்துவிட்டு, தின்றதைவிட அதிகமாக ஒடித்துப் போட்டுவிட்டு, நிதானமாக மரமேறிப் போயின.

அப்புறம்தான் மங்கம்மாள் ஓடி வந்தாள். தூங்கி எழுந்த முகம், அவிழ்ந்த கொண்டை. வரப்பிலேயே நின்று கொல்லையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஏணியில் பாதி இறங்கி நின்றுகொண்டிருந்தேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

"ஓடைக்குத் தண்ணி மோக்கப் போனேங்க. திரும்பி வந்தா நீங்க மேல ஒக்காந்துனு கீறீங்க. எனக்கும் ஒரு ஆளு வந்துச்சுன்னு வூட்டுக்குப் போய்ப் படுத்துட்டேன்," என்றாள்.

ஒடிந்த கதிர்களைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். நானும் பொறுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த ஊர் வழக்கத்தை மறுநாள் காலையில் ஊர்க் கவுண்டர் பஞ்சாட்சரம் மருந்தகத்து வாசலில் நின்று எனக்கு விளக்கினார். பரணில் யார் ஏறினாலும் காவல் அவர்களுடையது. ஏறுகிறேன் என்று சொல்லவும் வேண்டாம், ஏறச் சொல்லி யாரும் கேட்பதும் இல்லை. அக்கம்பக்கத்துக்காரர்கள் போகிறபோக்கில் பரணில் ஏறி உட்கார்ந்தால், அந்தக் கொல்லைக்காரி போய்க் கஞ்சி குடித்துவிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு வரலாம் என்று அர்த்தம். அடுத்த ஆள் வந்து ஏணியில் கால் வைக்கும்வரை மேலே இருப்பவர் இறங்கக்கூடாது. மங்கம்மாள் கதிர் பால் பிடித்த நாளிலிருந்து விடிந்தது முதல் இருட்டும்வரை தனியாகத்தான் காவல் இருந்தாள். வேறு ஆள் இல்லை. மற்றவர்களுக்கு அவரவர் கொல்லை. என்னைப் பரணில் பார்த்தபோது, கீழ்நாட்டு நர்சம்மா நம் கஷ்டத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று அவள் நினைத்திருக்கிறாள். வீட்டுக்குப் போய், சந்தோஷத்தில் அடித்துப்போட்டாற்போல் தூங்கியிருக்கிறாள்.

நஷ்டத்துக்குப் பணம் கொடுத்துவிடுகிறேன் என்றேன். கவுண்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.

"பணம் வந்து பரண்ல ஒக்காருமாங்க? காவல்ல கதிரை வுட்டவங்க அறுப்பு வரைக்கும் காவல் இருக்கணும். எங்காளுங்களா இருந்தா அதான் மொறை. நீங்க வேத்தாளு, உங்களுக்கு மொறை இல்லைன்னு சொல்லிட்டாலும் சரிதான்."

வேற்றாள் என்றதும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. தம்பி வீட்டிலும் அதுதான், இங்கேயும் அதுதானா? இன்றைக்கு மத்தியானத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன்.

அப்படியாக நான் குருவியும் குரங்கும் விரட்டுகிற வேலையில் சேர்ந்தேன். மருந்தகத்தைப் பூட்டிவிட்டுப் போய் ஏணியில் கால் வைப்பேன், மங்கம்மாள் இறங்குவாள். ஒரு வார்த்தை கிடையாது. நான் ஏதாவது கேட்டால் தலையாட்டுவாள். அவள் கோபமாக இருந்தால்கூட சமாதானம் சொல்லலாம். அவள் முகத்தில் கோபம் இல்லை, ஏமாந்துபோன களைப்பு இருந்தது. இந்த மலையில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைக்க இருந்து, கிடைப்பதற்குள்ளேயே நான் அவளைத் தொலைத்துவிட்டேன் என்று மேலே தனியாக உட்கார்ந்திருக்கும்போது தோன்றும். இருட்டியதும் இறங்கிப் போவேன். அவள் தூரத்தில் வரப்பில் நின்று நான் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒழுங்காகக் காவல் இருந்தேனா என்று பார்க்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

காவல் எனக்குக் கொஞ்சமும் வரவில்லை. கவண் கொடுத்தார்கள், கல் என் முழங்காலிலேயே பட்டது. தகரம் தட்டினேன், கிளிகள் அந்தத் தாளத்துக்கே தின்றன. பக்கத்துக் கொல்லைகளின் பரண்களிலிருந்து பெண்கள் கூவுகிற கூவலுக்கு மலை அதிரும். எனக்குக் கூவ வரவில்லை. இத்தனை வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் மெதுவாகப் பேசிப் பேசி என் குரல் நோயாளி எழுந்துவிடக் கூடாத குரலாகிவிட்டது. ஊதாத் தலைக் கிளிக் கூட்டம் ஒன்று தினமும் வரும். முன்பாக இருந்தால் அதைப் பார்க்கக் காலையிலிருந்து காத்திருப்பேன். இப்போது சனியன்களே என்று திட்டினேன். பைனாகுலர் குரங்குகள் எந்த மரத்தில் வருகின்றன என்று முன்கூட்டிப் பார்ப்பதற்குத்தான் பயன்பட்டது. பார்த்துவிட்டு என்ன செய்வது, தகரத்தைத் தட்டிக்கொண்டு பயந்துகொண்டிருப்பேன்.

ஒருநாள் பெரிய கூட்டம் இரண்டு பக்கத்திலிருந்தும் இறங்கிவிட்டது. அன்றைக்கு வந்திருந்த கடுவன் குரங்கு தகரத்துக்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டுக் கதிரில் கை வைத்தது. அந்தத் தாய்க்குரங்கும் வந்திருந்தது, குட்டி இப்போது முதுகில் ஏறிவிட்டிருந்தது. இந்தத் தடவையும் கொல்லை போனால் மங்கம்மாளுக்கு விதைக்குக்கூட மிஞ்சாது. அவள் என் முகத்தில் விழிக்கவே மாட்டாள். எழுந்து நின்றேன். தொண்டை கிழிய ஏதாவது கத்தியாக வேண்டும். என்ன கத்துவது என்று யோசிக்க நேரம் இல்லை.

"ஜேம்ஸ்" என்று கத்தினேன்.

கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் கேட்டிருப்பாரோ என்று சுற்றிலும் பார்த்தேன், சிரிக்காதீர்கள், உண்மையாகவே பார்த்தேன். குரங்குகள் அப்படியே நின்றுவிட்டன. அந்தச் சத்தம் அவற்றுக்குப் புதுசு. மறுபடியும் கத்தினேன், நீட்டி, மூச்சு இருக்கும்வரை. எதிர்மலை அவர் பெயரைத் திருப்பிச் சொன்னது. கடுவன் கதிரைப் போட்டுவிட்டு ஓடியது, பின்னாலேயே எல்லாம் ஓடின. கொல்லையில் ஒன்றுகூட இல்லை. நான் நிறுத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத அத்தனையும் சேர்த்துக் கூப்பிட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிப்போய், உட்கார்ந்து அழுதேன்.

கீழே ஏணி ஆடியது. மங்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"யாருங்க அது?" என்றாள்.

"எங்க வூட்டுக்காரரு."

"இருக்காருங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் ஏணியில் ஏறி வந்தாள். நான் இறங்கப் போனேன், மொறைப்படி அடுத்த ஆள் வந்துவிட்டதல்லவா. என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எங்காளு பேர நானும் சொல்றதில்லீங்க. பரண் மேல சொன்னா தப்பில்ல. கொரங்குதான கேக்குது," என்றாள்.

பிறகு கழுத்தில் தொங்கிய பைனாகுலரைத் தொட்டுப் பார்த்தாள். இதில் என்ன தெரியும் என்று கேட்டாள். கண்ணில் வைத்துக் காட்டினேன். காடு, கிளி, எதிர்மலை எதிலும் அவளுக்கு அக்கறை இல்லை. நேராகப் பஸ் ரோட்டுக்குத் திருப்பினாள். போளூரிலிருந்து வருகிற சாயங்கால பஸ் வளைவில் ஏறிக்கொண்டிருந்தது. பஸ் நின்று, இறங்கியவர்கள் நடந்து, புளியமரத்தடியில் மறைகிறவரை கண்ணிலிருந்து எடுக்கவில்லை. குடகிலிருந்து பொங்கலுக்குள் வந்துவிடுவதாகப் புருஷன் சொல்லியிருக்கிறான், சில வருஷம் சொன்னபடி வருவான், சில வருஷம் வரமாட்டான் என்றாள்.

அன்றிலிருந்து அவள் சாயங்காலத்தில் வீட்டுக்குப் போகவில்லை. வேலையை முடித்துவிட்டுப் பரணுக்கு வந்து என் இடதுபக்கம் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம்தான் இடம் இருந்தது. குரங்கு வந்தால் இரண்டு பேரும் எழுந்து நின்று ஜேம்ஸைக் கூப்பிட்டோம். அவள் குரலுக்கு முன்னால் என் குரல் ஒன்றுமே இல்லை. அவள் அந்தப் பெயரை இழுத்துச் சுழற்றி ஓவென்று முடித்தாள். பழைய கூவல்கள் குரங்குகளுக்குப் பழகிப்போயிருந்தன, இதற்குத்தான் பயந்தன. அதனால் பக்கத்துக் கொல்லை மாணிக்கம்மாளும் இந்தக் கூவலைப் பிடித்துக்கொண்டாள், அவளிடமிருந்து அடுத்த பரண். யார் பெயர் என்று எல்லாருக்கும் தெரியும். மருந்து வாங்க வந்த சின்னக்குழந்தை என்கிற கிழவர், உங்கள் வீட்டுக்காரர் நல்ல காவல்காரர் என்று என்னிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வரவில்லை. உயிரோடு இருக்கும்போது ஒரு குருவியைக்கூட விரட்டாத மனுஷர்.

பஸ் வருகிற நேரம் ஆனால் மங்கம்மாள் "குடுங்க இப்டி" என்று பைனாகுலரைப் பிடுங்கிவிடுவாள். நான் ஒரு மரங்கொத்தியை நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பிடுங்குவாள். இன்னும் கொஞ்சம் இரு என்பேன், பஸ் நிற்குமா என்பாள். சண்டை போட்டுக்கொள்வோம். எத்தனையோ நாளைக்கப்புறம் என்னிடமிருந்து ஒருத்தி பைனாகுலரைப் பிடுங்கினாள். அந்தச் சாயங்காலங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அறுப்பு கொஞ்சம் தள்ளிப்போகட்டும் என்று ஜெபத்தில்கூடச் சொல்லிக்கொண்டேன். ஆண்டவர் அதைக் கேட்டிருக்க மாட்டார், கேழ்வரகு முற்றிக்கொண்டுதான் வந்தது.

மார்கழி முடிகிற சமயம். பஸ் வளைவில் ஏறியது. மங்கம்மாள் பைனாகுலரில் பார்த்துக்கொண்டே இருந்தவள், அதை என் மடியில் போட்டுவிட்டு ஏணியில் பாதியிலிருந்து குதித்தாள். வரப்பு, ஓடை, புளியமரம் என்று ஓடினாள். நான் எடுத்துக் கண்ணில் வைத்தேன். தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒல்லியாக ஒருவன் வந்துகொண்டிருந்தான். அவள் கிட்டே போனதும் ஓட்டத்தை நிறுத்தி, வேறு வேலையாக வந்தவளைப்போல் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக நடந்தார்கள். பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். இறங்கிப் போய்விடலாம் என்று பார்த்தால், காவல் என்னுடையது. இருட்டும்வரை ஒருத்தியாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே அறுப்பு முடிந்தது. கோபால்சாமி நல்ல மனுஷன். கொல்லை பாழான கதையைக் கேட்டுவிட்டு, நர்சம்மா காவலில்தான் மீதி தப்பியது என்றானாம். ஒரு கூடை கேழ்வரகைக் கொண்டுவந்து மருந்தகத்து வாசலில் இறக்கினான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, கும்பிட்டுவிட்டுப் போனான். மங்கம்மாளும் கூட வந்தாள். உங்கள் காவல் தீர்ந்தது, பரணைப் பிரித்துவிட்டோம் என்று சொல்ல வந்தவள், அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். பைனாகுலர் ஆணியில் தொங்கிற்று. இனி அவளுக்கு அதில் பார்க்க ஒன்றும் இல்லை. வர்றேங்க என்றாள். போய்விட்டு வா என்றேன்.

மொட்டைக் கொல்லையில் கொக்குகள் இறங்கின. நான் பழையபடி மத்தியானத்துக்குமேல் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஜெபதுரை ஒருதரம் மலைக்கு வந்து, இந்தக் குளிரில் ஏன் தனியாகக் கிடக்கிறாய், போளூருக்கே வந்துவிடு என்றான். இங்கே தனியாக இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பொய்தான். அன்றைக்கு அவனை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, உலையை வைத்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். வெயில் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

கீழ்ச் சரிவில் கோபால்சாமிக்கு ஒரு துண்டுக் கொள்ளுக் கொல்லை உண்டு. அது இன்னும் அறுக்கவில்லை. அங்கே குரங்கு இறங்கியிருக்க வேண்டும். மங்கம்மாள் தன் புருஷனுக்கும் அந்தக் கூவலைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான் கேட்டது ஓர் ஆண்குரல். அத்தனை நாளும் பெண்கள்தான் கூவிக் கேட்டிருந்தேன்.

"ஜேஏஏம்ஸ்... ஓ..."

யாரோ வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள். அரிசிப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன். வாசலில் யாரும் இல்லை. மேடும், அதற்குக் கீழே மொட்டைக் கொல்லைகளும், எதிர்மலையும்தான் இருந்தன. மறுபடியும் கூப்பிட்டார்கள். எதிர்மலையும் கூப்பிட்டது.

"அவரு வூட்ல இல்லீங்க," என்றேன்.